பொருளடக்கத்தில் கை வைக்காதீர்கள், துருசைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானுக்கு அருகே உள்ள கிராமம் ஒன்றின் வரலாற்றை நூலாக்கும் பொறுப்பு ஒரு ரீச்சரின் தலையில் விழுந்திருக்கிறது. 180 பக்கம், 14 அத்தியாயம், ஆறேழு பேர் எழுதியது. வேர்ட்டில் பொருளடக்கம் போட்டு, அரை நாள் மினக்கெட்டு எல்லா வரிகளையும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே நேர்கோடு என்று ஒழுங்காக்குகிறார். மறுநாள் ஓர் அத்தியாயத்தில் இரண்டு பந்தி கூடுகிறது. பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் பழையபடி கலைந்துவிடுகிறது. சில வரி சிறிது, சில வரி தடிப்பு, புள்ளிக்கோடு ஓரத்தைத் தாண்டி நிற்கிறது, பத்தாம் அத்தியாயத்திலிருந்து தலைப்புகள் வலப்பக்கம் தள்ளிப்போகின்றன, இரண்டு அத்தியாயம் விளங்காத எழுத்தாகவே வருகிறது. "நான் என்ன பிழை விடுகிறேன்?" என்று கேட்டிருக்கிறார்.

ரீச்சர், நீங்கள் விட்ட பிழை ஒன்றுதான். பொருளடக்கத்தைத் திருத்தப் போனது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலுக்குள் நின்று மண்வெட்டி பிடித்துப் பயனில்லை, துருசு திறந்திருக்கிறதா என்று குளக்கட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வேர்ட்டில் பொருளடக்கம் என்பது வயல். அதில் நீங்கள் தட்டிய எதையும் அது வைத்திருக்காது. முழுமையாகப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டு, புத்தகத்துக்குள் இருக்கும் தலைப்புகளைத் தேடி எடுத்துப் புதிதாக எழுதிக்கொள்கிறது. அது தண்ணீர் எடுக்கும் துருசுகள் இரண்டு. ஒன்று, அத்தியாயத் தலைப்புகளுக்குக் கொடுக்கும் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' போன்ற ஸ்டைல்கள், அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயரில் கட்டி வைத்த அமைப்புகள். எந்த வரி பொருளடக்கத்துக்குள் வர வேண்டும், எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன. மற்றது 'டிஓசி 1', 'டிஓசி 2' என்று 9 வரை இருக்கும் ஸ்டைல்கள் (டிஓசி என்றால் பொருளடக்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). வந்த வரி எப்படித் தோன்ற வேண்டும் என்பது இவற்றின் கையில். ஹெடிங் 1 சிவப்பாக 20 புள்ளி அளவில் இருந்தாலும் பொருளடக்கத்தில் அது டிஓசி 1 சொன்னபடிதான் நிற்கும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்களே அதிகம்.

கிளிநொச்சியில் ஏ9 ஓரத்தில் தட்டச்சு, போட்டோக் கொப்பி, வடிவமைப்பு என்று கடை வைத்து இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் எனக்கு நிறைய வந்தன. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வரும் மாணவர்களின் ஆய்வறிக்கை. உங்கள் கோப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் யார் யார் எழுதித் தந்தார்கள் என்று நீங்கள் சொன்னதை வைத்தே நோயை ஓரளவு சொல்ல முடியும். ஒவ்வொரு கோளாறும் ஒவ்வோர் ஆளோடு வந்திருக்கிறது.

முதலில் அந்த விளங்காத எழுத்து. இளைப்பாறிய அதிபர் ஒருவர் தந்த இரண்டு அத்தியாயங்கள் என்றீர்கள். அவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார். நம் பக்கத்தில் ஒரு தலைமுறையே அதில்தான் தட்டச்சுப் பழகியது. பாமினி உண்மையில் தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கிறது, அவற்றின் மேல் தமிழ் உருவம் என்ற சட்டையைப் போட்டுக் காட்டுகிறது. அவருடைய தலைப்பு ஸ்டைலில் பாமினி இருக்கிறது, டிஓசி 1 ஸ்டைலிலோ கலிப்ரி இருக்கிறது. பொருளடக்கத்துக்கு வந்ததும் சட்டை கழன்றுவிடுகிறது. உள்ளே இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன, இடையிடையே அரைப்புள்ளியும் வருகிறது. அந்த அரைப்புள்ளிதான் பாமினியில் மெய்யெழுத்தின் குத்து. வரிக்கு வரி அரைப்புள்ளி கண்டால் வேறு சந்தேகமே வேண்டாம்.

சிலர் இதற்கு டிஓசி 1 ஸ்டைலையே பாமினியாக்கிவிடுவார்கள். நானும் ஒருமுறை செய்தேன். அணிந்துரை, வாழ்த்துரைப் பக்கங்களுக்கு ரோமன் சிற்றெழுத்தில் (i, ii, iii, iv) எண் போட்டிருந்தோம். பாமினியில் அந்த i விசை ஐகாரக் கொம்பு. முதல் பக்கத்துக்கு 'ை', மூன்றாம் பக்கத்துக்கு மூன்று கொம்பு வரிசையாக! நான்காம் பக்கத்தில் கொம்போடு ஓர் 'எ' வேறு. வாழ்த்துரை தந்த பெரியவர் தன் பெயருக்கு எதிரே இருந்த கொம்புகளைப் பார்த்து, இது என்ன கணக்கு என்று கேட்டார்.

ஆகவே குறுக்கு வழி வேண்டாம். அந்த இரண்டு அத்தியாயங்களையும் யுனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறைக்கு, மாற்றுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பின் அப்படியே கொப்பி எடுத்து ஒட்டாமல், 'எழுத்தை மட்டும் வை' என்ற தெரிவில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பாமினி என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். தமிழ் சரியாகத் தெரியும், நடுவில் உள்ள ஆங்கிலச் சொல் மட்டும் புரியாத தமிழாகத் தெரியும். அதிபர் எழுதியதில் ஆங்கிலச் சொல் ஏதாவது இருந்திருந்தால், மாற்றும் கருவி அதையும் தமிழாக்க முயன்று குதறியிருக்கும். ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி, சில வரி சிறிது, சில வரி பெரிது என்ற சிக்கல். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கென்றே இருக்கிற கோளாறு இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேர்ட்டின் ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் ஓர் எழுத்துரு இல்லை, குறைந்தது இரண்டு இருக்கின்றன. ஒன்று லத்தீன் எழுத்துகளுக்கும் எண்களுக்கும். மற்றது 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று அது சொல்லும் கூட்டத்துக்கு. தமிழ், சிங்களம், ஹிந்தி, அரபு எல்லாம் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு, தடிப்புக்குக்கூடத் தனித்தனிக் குறிப்பு. நீங்கள் ஸ்டைலைத் திறந்து அளவு 12 என்று போட்டது லத்தீன் பக்கத்துக்கு மட்டும் போயிருக்கலாம், தமிழ் பழைய 11இலேயே இருந்துவிடும். '2009க்குப் பின் மீள்குடியேற்றம்' என்ற உங்கள் அத்தியாயத் தலைப்பை உற்றுப் பாருங்கள். '2009' பருத்தும் 'க்குப் பின்' மெலிந்தும் தெரிகிறது என்றால் காரணம் இதுதான். பொருளடக்கத்தின் பக்க எண்களும் புள்ளிக்கோடும் லத்தீன் பக்கத்தைச் சேர்ந்தவை, தலைப்பு தமிழ்ப் பக்கத்தைச் சேர்ந்தது. ஒரே வரியில் இரண்டு வீட்டுக்காரர்.

சரிசெய்வது இப்படி. முதலில் வேர்ட்டின் மொழி அமைப்பில் தமிழ் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்காவிட்டால் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பகுதி கண்ணிலேயே படாது. பிறகு ஸ்டைல் பட்டியலில் டிஓசி 1இன் மேல் வலது கிளிக், 'மொடிஃபை', கீழே 'ஃபோர்மட்', அதில் 'ஃபொன்ட்'. வரும் பெட்டியில் மேலே லத்தீன், கீழே கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட். இரண்டிலும் ஒரே அளவு, ஒரே தடிப்பு, முடிந்தால் ஒரே எழுத்துரு போடுங்கள். நிர்மலா யூஐ என்பதில் தமிழும் ஆங்கிலமும் எண்களும் இருக்கின்றன, சிங்களமும் இருக்கிறது. பிரதேச மட்ட அறிக்கைகள் போல இரண்டு மொழித் தலைப்பும் வரும் கோப்புகளுக்கு நான் அதைத்தான் போடுவேன். அழகில் சற்றுக் குறைவு, ஆனால் சண்டை இல்லை. இதையே டிஓசி 2, டிஓசி 3இலும், ஹெடிங் ஸ்டைல்களிலும், உடல் எழுத்துக்கான 'நோர்மல்' ஸ்டைலிலும் செய்துவிடுங்கள்.

லதா எழுத்துருவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது பழைய விண்டோஸில் தானாகவே இருந்தது. விண்டோஸ் 10 முதல் தமிழ்த் துணை எழுத்துரு என்று தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகிவிட்டது. உங்கள் பழைய மடிக்கணினியில் லதாவில் அடுக்கி, பக்கம் பார்த்து, அச்சகத்தின் புதிய கணினியில் திறந்தால் வேறொரு எழுத்துரு வந்து உட்காரும். வரி நீளம் மாறும், பக்கம் ஓடும், பொருளடக்கத்தின் எண்கள் பொய்யாகும். எழுத்துருவை முதல் நாளே முடிவு செய்து, எழுதுகிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வரிகளுக்கு இடையிலான இடைவெளி சில இடத்தில் கூடித் தெரிவதும் எழுத்துருக் கலப்பின் வேலைதான். ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கு வேண்டிய உயரத்தை வெவ்வேறு அளவில் கேட்கும். டிஓசி ஸ்டைலில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி கொடுத்துப் பாருங்கள். மிகவும் குறைத்தால் 'கி'யில் வரும் விசிறியின் தலையும் 'கூ'வின் அடியும் வெட்டுப்படும்.

அடுத்தது ஓரத்தைத் தாண்டிய புள்ளிக்கோடு. டொரோன்டோவில் இருக்கும் ஊர்க்காரர் முதல் அத்தியாயத்தை அனுப்பினார், அந்தக் கோப்பிலேயே மற்றவர்களுடையதையும் ஒட்டினோம் என்றீர்கள். அங்கேதான் வந்திருக்கிறது. கனடாவில் லெட்டர் தாள், அகலம் 21.59 சென்ரிமீட்டர். நமக்கு ஏ4, 21 சென்ரிமீட்டர். இரு பக்கமும் 2.54 ஓரம் விட்டால் லெட்டரில் எழுத்துப் பரப்பு 16.51, ஏ4இல் 15.92. நீங்கள் தாளை ஏ4ஆக மாற்றியபோது பக்க எண்ணைப் பிடித்து நிறுத்தும் வலது டாப் 16.51இலேயே நின்றுவிட்டது. அந்த ஆறு மில்லிமீட்டர்தான் வெளியே துருத்துகிறது. அதோடு அச்சகக்காரர் கட்டுவதற்காக இடது ஓரத்தை 3.81 ஆக்கச் சொன்னால், பரப்பு 14.65ஆகச் சுருங்கி இன்னும் துருத்தும்.

தாள் அளவையும் ஓரத்தையும் முதலில் முடிவாக்குங்கள். பிறகு பொருளடக்கத்தை முழுமையாகப் புதுப்பியுங்கள். எஃப்9 அழுத்தினால் இரண்டு தெரிவு கேட்கும்: பக்க எண் மட்டும், அல்லது முழு அட்டவணையும். முழுமையாக என்பதைத் தெரிவுசெய்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆகவில்லையென்றால் அந்த டாப் டிஓசி ஸ்டைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மொடிஃபை, ஃபோர்மட், டாப்ஸ் என்று போய், பழையதை அழித்துவிட்டு, உங்கள் எழுத்துப் பரப்பின் அகலத்தில் வலது டாப் ஒன்றைப் புள்ளிக்கோட்டோடு வையுங்கள். மூன்று மட்டத்துக்கும் ஒரே இடம்.

அந்தப் பெட்டியில் இருக்கும்போதே பத்தாம் அத்தியாயச் சிக்கலையும் முடித்துவிடலாம். அத்தியாய எண்ணை வேர்ட் தானாகப் போடும்போது எண்ணுக்கும் தலைப்புக்கும் நடுவில் ஒரு டாப் வைக்கிறது. அதற்கு இடம் சொல்லாவிட்டால் தானே மதிப்பிட்டுக்கொள்ளும். 9 வரை ஒரு கணக்கு, 10 இரண்டு இலக்கம் என்பதால் வேறு கணக்கு. டிஓசி 1இல் 1.25 சென்ரிமீட்டரில் இடது டாப் ஒன்று வைத்து, அதே அளவுக்குத் தொங்கும் உள்தள்ளலும் (முதல் வரியைத் தவிர மற்ற வரிகள் உள்ளே தள்ளி நிற்பது) கொடுங்கள். 1உம் 14உம் ஒரே கோட்டில் நிற்கும். வலது உள்தள்ளல் ஒரு சென்ரிமீட்டர் கொடுத்தால், 'குளங்களும் வயல்களும்: நீர்ப்பங்கீட்டின் பழைய ஒழுங்கு' போன்ற நீண்ட தலைப்பு பக்க எண்ணில் போய் முட்டாமல் அடுத்த வரிக்கு மடங்கும். தமிழ்த் தலைப்பு ஆங்கிலத் தலைப்பைப் போல மூன்று சொல்லில் முடிவதில்லை, இந்த ஒரு சென்ரிமீட்டர் கட்டாயம்.

தொலைபேசியில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பிய இளைஞரின் அத்தியாயம் பொருளடக்கத்தில் வரவே இல்லை என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. தடிப்பாக்கினால் வரி தலைப்பாகிவிடாது. கர்சரை அந்த வரியில் வைத்து கன்ட்ரோல், ஓல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஹெடிங் 1 ஆகிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு முழுப் பந்தியே பொருளடக்கத்துக்குள் வந்து நிற்கிறது என்றால், யாரோ அந்தப் பந்திக்குத் தலைப்பு ஸ்டைலைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்கள். படம் ஒன்று பொருளடக்கத்தில் முளைத்தாலும் அதே காரணம்தான். சிரிப்பு வரும், ஆனால் நடக்கிறது.

தலைப்புக்குள் கையால் செய்த அலங்காரமும் வழிந்து வரும். ஒரு சொல்லை மட்டும் சாய்வாக்கியிருந்தாலோ நிறம் கொடுத்திருந்தாலோ பொருளடக்கத்திலும் அந்தச் சொல் அப்படியே வரக்கூடும். தலைப்பு இரண்டு வரியில் அழகாக மடங்கட்டும் என்று ஷிஃப்ட்டோடு என்டர் தட்டியிருந்தால் அந்த முறிவும் கூடவே வரும். ஒவ்வொரு தலைப்பையும் தெரிவுசெய்து கன்ட்ரோலோடு ஸ்பேஸ் அழுத்துங்கள், எழுத்து அலங்காரம் கழன்றுவிடும். கன்ட்ரோலோடு கியூ அழுத்தினால் பந்தி அலங்காரமும் போய்விடும். பாதிச் சிக்கல் இந்த இரண்டு விசையில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு வரியை மட்டும் பெரிதாக்கினேன், எல்லா வரியும் பெரிதாகிவிட்டன" என்கிறீர்கள். அது பேய் இல்லை. டிஓசி ஸ்டைல்களில் 'தானாகப் புதுப்பி' என்ற குறி இயல்பாகவே விழுந்திருக்கும். ஒரு முழு வரியை மாற்றினால், ஸ்டைலையே மாற்றச் சொல்கிறீர்கள் என்று வேர்ட் எடுத்துக்கொள்ளும். தெரிந்து பயன்படுத்தினால் நல்ல வசதி. பல கைகள் புழங்கும் கோப்பில் ஆபத்து. மொடிஃபை பெட்டியில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

பொருளடக்கத்தைச் செருகும் மெனுவில் 'மெனுவல் டேபிள்' என்று ஒன்றும் இருக்கிறது. அதைத் தொடவேண்டாம், அது வெறும் வெற்றுப் படிவம், தலைப்பும் எண்ணும் நீங்களே தட்ட வேண்டும். 'கஸ்டம்' என்பதில் போய், வடிவம் என்ற இடத்தில் 'ஃப்ரொம் டெம்ப்ளேட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வேறு அலங்கார வடிவம் ஒன்றைத் தெரிவுசெய்தால், நீங்கள் பாடுபட்டு அமைத்த டிஓசி ஸ்டைல்கள் மேலெழுதப்பட்டுவிடும். 'பொருளடக்கம்' என்ற சொல்லுக்கே 'டிஓசி ஹெடிங்' என்று ஒரு ஸ்டைல் இருக்கிறது. அதைக் கொடுங்கள். ஹெடிங் 1 கொடுத்தால் பொருளடக்கத்துக்குள்ளேயே பொருளடக்கம் ஓர் அத்தியாயமாக வந்து உட்காரும்.

நன்றியுரை, அணிந்துரை போன்றவற்றுக்கு அத்தியாய எண் வரக்கூடாது, ஆனால் பொருளடக்கத்தில் வர வேண்டும் என்றால், அவற்றுக்கு ஹெடிங் 1 கொடுத்துவிட்டு எண்ணைக் கையால் அழிக்காதீர்கள். 'முன்பகுதித் தலைப்பு' என்று புதிய ஸ்டைல் ஒன்றை எண்ணில்லாமல் உருவாக்கி, பந்தி அமைப்பில் அதன் 'அவுட்லைன் லெவல்' 1 என்று வையுங்கள். பொருளடக்கம் அதையும் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பாடசாலைக் கணினியில் லிப்ரே ஒஃபிஸ்தான் இருக்கிறது என்பதால் அதையும் சொல்ல வேண்டும். தத்துவம் ஒன்றேதான், பெயர்தான் வேறு. அங்கே டிஓசி 1க்குப் பதில் 'கொன்டென்ட்ஸ் 1'. கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் 'சிடிஎல்' எழுத்துரு, அதையும் மொழி அமைப்பில் இயக்கினால்தான் தெரியும். பொருளடக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து திருத்தப் போனால் 'ஸ்ட்ரக்சர்' என்ற வரி வரும். எண், தலைப்பு, டாப், பக்க எண் எந்த வரிசையில் என்பதைப் பொத்தான்களாகக் காட்டும். வேர்ட்டைவிட இது எனக்குப் பிடிக்கும், என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மட்டத்தில் சரிசெய்ததை 'ஓல்' பொத்தானால் எல்லா மட்டத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் ஒரே கோப்பைக் காலையில் பாடசாலையில் லிப்ரேயிலும் இரவில் வீட்டில் வேர்ட்டிலும் திறந்து திறந்து சேமிக்காதீர்கள். எழுத்தை எங்கேயும் திருத்தலாம். பொருளடக்கத்தை மட்டும் கடைசியில், ஒரே மென்பொருளில், ஒரே கணினியில்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கோயில் மலர். இரவு இரவாக வேலை, மின்சாரம் வேறு வந்து வந்து போனது. கடைசி நேரத்தில் ஒருவர் வாழ்த்துரையின் தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார். நான் அவசரத்தில் பக்க எண்ணை மட்டும் புதுப்பித்தேன். ஒவ்வொரு தலைப்பிலும் வேர்ட் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைக் கட்டி வைத்திருக்கும், அதைப் பிடித்துத்தான் பக்கத்தைக் கண்டுபிடிக்கும். தலைப்பை அழித்தபோது அடையாளமும் அழிந்துவிட்டது. பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் 'எரர்! புக்மார்க் நொட் டிஃபைன்ட்' என்று தடித்த எழுத்தில் வந்தது. பார்க்காமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டேன். 300 பிரதி. வெள்ளைத் தாளில் '7' என்று அச்சடித்து, வெட்டி, 300 பிரதியிலும் நானும் என் மனைவியும் இருந்து ஒட்டினோம். அதற்குப் பிறகு பக்க எண் மட்டும் என்ற தெரிவை நான் தொட்டதில்லை. ஸ்டைல்கள் சரியாக இருந்தால் முழுமையாகப் புதுப்பிக்க எந்தப் பயமும் இல்லை. பயம் வருகிறது என்றால் பொருளடக்கத்தில் எங்கேயோ கை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளில் வரிசை இப்படி இருக்கட்டும். எல்லோருடைய திருத்தமும் வந்து முடிந்த பின் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு கன்ட்ரோலோடு ஏ, உடனே எஃப்9, கேட்டால் முழு அட்டவணை. பொருளடக்கமே ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக வளர்ந்திருந்தால் பின்னால் உள்ள எண்கள் நகர்ந்திருக்கும், அதனால் எஃப்9 இன்னொரு முறை. 14 அத்தியாயங்களில் முதலாவது, நடுவில் ஒன்று, கடைசி, மூன்றையும் கையால் புரட்டி எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின்பு பிடிஎஃப். வேர்ட் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பவேண்டாம், அவர்கள் கேட்டாலும் பிடிஎஃப்பையே கொடுங்கள். அவர்களுடைய கணினியில் எந்த எழுத்துரு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அதிபரின் இரண்டு அத்தியாயங்களையும் யுனிகோடாக்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாமினிக் கோப்பை அவர் தன்னிடம் வைத்திருக்கட்டும். மாற்றும்போது எங்காவது ஓர் எழுத்து விழுந்து குளத்தின் பெயர் ஒன்று பிழையாகிவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கும்.